முதல் நம்பர்

நல்ல அலாரம் எது என்று இவ்வளவு நேரமாகப் பேசுகிறார்கள். அது அடித்தால் ஓடிவரப் போகிறவள் எப்படிப்பட்டவள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சங்கரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். கூடத்தில் அப்பாவும் தம்பி பரணிதரனும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சுப்புராமனின் முழங்கையில் பிளாஸ்திரி, மடியில் நீள நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முதல் வரிசையில் காலிங் பெல், இரண்டாவதில் செல்போன், மூன்றாவதில் விசில் என்று எழுதியிருந்தார். மேலே தலைப்புகள்: தூரம், பேட்டரி, நம்பகம். கடைசியாக 'கேட்பவர்' என்று ஒரு கட்டம். மூன்று வரிசையிலும் அந்தக் கட்டத்தில் ஒரே பெயர்தான். மற்ற கட்டங்கள் காலியாக இருந்தன. அதை மட்டும் முதலிலேயே நிரப்பிவிட்டார்.

2007 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவர் விழுந்தார். சதுரங்கப்பட்டினம் அரசுப் பள்ளியில் சங்கரி கணக்கு டீச்சர். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர்தான். காலை பத்தரைக்குக் கொல்லையில் மோட்டார் போடப் போனவர் பாசி வழுக்கிச் சாய்ந்தார். பாத்திரம் தேய்க்க வரும் லோகநாயகி மூன்று மணிக்கு வந்து பார்க்கும் வரை அங்கேயே கிடந்தார்.

"இன்னா தாத்தா, வெயில் காயறியான்னு கேட்டேங்க்கா," என்று லோகநாயகி தெருவெல்லாம் சொன்னாள். "அண்ணாந்து படுத்துகினு கீறாரு. கூவக் கூடாதா, பக்கத்து வூட்டுல ஆளு கீதேன்னா, 'ரெண்டு தடவ கூப்ட்டாச்சு, அவ்ளோதான்'ன்றாரு. ரெண்டு தடவைக்கு மேல கூப்ட்டா இன்னா, வாயில முத்து கொட்டிடுமா?"

சங்கரிக்கு அந்த இரண்டு தடவை என்னவென்று தெரியும்.

முப்பது வருஷம் கல்பாக்கத்தில் கருவிகள் பிரிவில் இருந்தவர் அவர். அங்கே ஓரிடத்தின் சூட்டை அளக்க ஒரு கருவியை நம்பமாட்டார்கள், மூன்று வைப்பார்கள். ஒன்று மட்டும் கத்தினால் அந்தக் கருவியிலேயே கோளாறு இருக்கலாம். இரண்டு சேர்ந்து கத்தினால்தான் உண்மை. மூணுல ரெண்டு. இந்தக் கணக்கை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அம்மாவின் கை சொன்னால் போதாது, தெர்மாமீட்டரும் சொல்ல வேண்டும். பரணி தன்னை அடித்தான் என்று சங்கரி சொன்னால் போதாது, பார்த்தவர் ஒருவர் வேண்டும். பார்த்தவர் இருந்ததே இல்லை.

இருபத்தாறு வயதில் சங்கரி ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். ஹரிகிருஷ்ணன், திருக்கழுக்குன்றத்தில் வேதியியல் ஆசிரியர். அம்மா ஞானம்மாளுக்கும் சம்மதம். குவார்ட்டர்ஸ் சமையலறையில் சங்கரி துணிந்து சொன்னாள்: "மூணுல ரெண்டு வந்தாச்சுப்பா. நானும் அம்மாவும்." அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்கம்மா சேனல் பைபாஸ்ல இருக்கு. ரிப்பேர்ல இருக்கறதைக் கணக்குல சேக்கறதில்ல," என்றார். பரணிக்கு அப்போது இருபது வயது. சிரித்துவிட்டான். அம்மாவும் சிரித்தாள். சங்கரியால் இன்றுவரை மன்னிக்க முடியாதது அம்மாவின் அந்தச் சிரிப்பைத்தான்.

அந்த அம்மா ஆறு வருஷம் கழித்து, தொண்ணூற்றாறு ஏப்ரலில், குவார்ட்டர்ஸ் குளியலறையில் விழுந்தாள். விடைத்தாள் திருத்தும் முகாமுக்காகச் சங்கரி செங்கல்பட்டு போயிருந்தாள். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவரே சொன்னார்: "ஒரு தடவைதான் கூப்பிட்டா. 'இங்க பாருங்களேன்'னு. அது அவ எதுக்கும் சொல்றதுதான். ரெண்டாவது தடவை கூப்பிட்டிருந்தா எழுந்து போயிருப்பேன்." வருத்தத்தோடு சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. நடந்த வரிசையில் சொன்னார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தபடி சங்கரி அந்த வாக்கியத்தைப் பதினோரு முறை கேட்டாள். ஒருமுறைகூட ஒரு சொல் மாறவில்லை.

இப்போது அதே மனிதர் தான் விழுந்தால் அடிக்க ஒரு மணி தேடுகிறார். சங்கரிக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. இந்தப் பேச்சில் வராத ஒன்று அவளுக்கு இருந்தது. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் மேலே வந்திருந்தது. மே மாதத்தில் ஆணை வரும். எந்த ஊர் கிடைத்தாலும் அது அரை கிலோமீட்டரில் இருக்காது. நாற்பத்து மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்து அவளுக்கென்று நடக்க இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவோடு செங்கல்பட்டுக்குப் போனாள். கடைத்தெருவில் எலக்ட்ரிகல் சாமான் விற்கும் சதாசிவத்தை அவருக்குப் பழக்கம். கம்பியில்லாத காலிங் பெல்லை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார் சதாசிவம். விரலளவு பட்டன் ஒன்று, சோப்பு டப்பா அளவில் பெட்டி ஒன்று. அமுக்கினால் பெட்டி குருவி மாதிரி கத்தியது.

"நைனா, இது கதவுல மாட்றது. விருந்தாளி அமுக்கறதுக்கு," என்றார் சதாசிவம். "விழுந்தவங்க அமுக்கலாமான்னு டப்பா மேல ஒண்ணும் போடல."

"விருந்தாளி விரலும் விரல்தான், என் விரலும் விரல்தான். எத்தனை தூரம் போகும்?"

"நூறு அடின்றான். அவன் நூறுன்னா நாம அறுபதுன்னு வெச்சிக்கணும். அம்மா, நீ இந்தப் பொட்டிய எடுத்துகினு அப்டியே நேரா நடம்மா. நைனா இங்கேர்ந்து அமுக்கிகினே இருக்கட்டும். எங்க நிக்குதோ அதான் தூரம்."

சங்கரி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தாள். அது விடாமல் கத்தியது. பூக்காரி திரும்பிப் பார்த்தாள். பாத்திரக்கடையில் இருந்தவன், "குருவி எவ்ளோக்கா?" என்று கேட்டான். கூச்சத்தில் முகம் எரிய, புடவைத் தலைப்பால் பெட்டியை மூடிக்கொண்டு நடந்தாள். துணிக்குள்ளும் கத்தியது. ஏழாவது கடையைத் தாண்டியதும் சட்டென்று அடங்கியது.

நின்றிருக்க வேண்டும். அவள் நிற்கவில்லை. அந்தச் சத்தமின்மை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிறவள்போல இன்னும் நடந்தாள். பஸ் ஹாரன்களும் கூவி விற்கும் குரல்களும் சுற்றிலும் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளைக் கூப்பிடவில்லை. தெருமுனையில் நின்று திரும்பியபோது, கடை வாசலில் அப்பா கையை உயர்த்தி உயர்த்திப் பட்டனை அமுக்குவது தெரிந்தது. வாய் அசைந்தது. இவ்வளவு தூரத்தில் அவர் ஒரு சின்ன ஆள். இந்த எண்ணம் மனதில் வந்த வேகத்தில் அவளுக்குப் பயமாகவும் இருந்தது. உடனே திரும்பி நடந்தாள்.

"ஏழு கடைதான் போகும்னு அப்பவே தெரியும். அப்புறம் எதுக்கு நடந்தே?" என்றார்.

"சரியாத் தெரியணுமேன்னு."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுப்பா."

பள்ளி வரை எட்டாது என்பதால் காலிங் பெல் பட்டியலிலிருந்து அடிபட்டது. விசிலை ஊதினால் தெரு நாய்கள்தான் வரும் என்று பரணி சொன்னான். செல்போன்தான் மிஞ்சியது. சிறுசேரியில் தன் ஆபீஸில் அடையாள அட்டை மாட்டும் நீல நாடாவில் ஒரு பழைய போனைக் கோத்து அவன் அப்பாவின் கழுத்தில் தொங்கவிட்டான். இரண்டாம் பட்டனை அமுக்கிப் பிடித்தால் அக்காவுக்குப் போகும்.

ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையை அப்பா வகுத்தார். ஒரு மிஸ்டு கால் வந்தால் சோதனை. உடனே அவள் ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஏற்பு. ஒரு நிமிஷத்துக்குள் இரண்டாவது கால் வந்தால்தான் விழுந்துவிட்டார் என்று பொருள். அப்போது ஓடி வர வேண்டும்.

"ஏம்ப்பா, விழுந்தா ஒரே தடவை கூப்பிடுங்க. அவ எடுத்துப் பேசட்டும். எல்லா வீட்லயும் அப்படித்தானே?" என்றான் பரணி.

"கிளாஸ்ல நின்னுண்டு எப்படிடா பேசுவா? அதோட ஒத்தை சிக்னலை நம்பி ஆளை ஓடவிடக் கூடாது. ஒரு கைபட்டாக்கூட ஒரு கால் போகும்."

சங்கரி பருப்பைக் களைந்துகொண்டிருந்தாள். ஒத்தை சிக்னல் என்ற சொல்லில் அவள் கை நின்றது. பரணிக்கு ஏதாவது நினைவு வருகிறதா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நாடாவின் நீளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

வகுப்பில் போனைச் சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்தாள். ஒவ்வொரு மணிக்கும் சரியாகப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு, மூன்று என்று அது டப்பாவோடு சேர்ந்து நடுங்கும். ஒன்பதாம் வகுப்பு இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்தான் ஆனது. "டீச்சர், உங்க அப்பா," என்று முதல் பெஞ்சு சொல்லும். பின் பெஞ்சு, "உயிரோடதான் கீறாராம்," என்று முடிக்கும். வகுப்பு சிரிக்கும். அவளும் ஏற்பு கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்த சமன்பாட்டுக்குத் திரும்புவாள்.

பிப்ரவரியில் இரண்டு முறை அடுத்தடுத்து இரண்டு கால் வந்தது. இரண்டு முறையும் அவள் ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் வார் அறுந்தது. விரித்துக் காயவைத்த வலைகளைத் தாண்டி, சிரிக்கிற பெண்களைத் தாண்டி ஓடினாள். அப்பா கேட் அருகே கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். "நாலு நிமிஷம் பத்து செகண்ட்," என்று நோட்டில் எழுதினார். இரண்டாவது முறை, "நாலு நிமிஷம் நாப்பது. ஏன் கூடித்து?" என்று கேட்டார்.

மூச்சு வாங்க அவள் கேட்டாள்: "நிஜமாவே விழுந்தா இதுல எந்த கால்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா டிரில்லுக்கு மெதுவா வருவே."

அவர் சொன்னதில் தவறில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவரோடு வாழ்வதில் உள்ள கஷ்டமே அதுதான். ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது சரியாக இருந்தது.

மார்ச் பதினான்காம் தேதி, மூன்றாவது பீரியட். சாக்பீஸ் டப்பா நடுங்கியது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

இது சோதனை இல்லை.

சோதனைகள் மணிக்குத்தான். டிரில்லுக்கு இரண்டு கால். அதோடு பதினொன்றேகால் முதல் பன்னிரண்டு வரை அவர் குளிக்கிற நேரம். குளிக்கும்போது போனை ஆணியில் மாட்டிவிடுவார். ஈரக் கையால் எந்தக் கருவியையும் தொட்டதில்லை. இவையெல்லாம் அவள் யோசித்துச் சேர்த்தவை அல்ல. டப்பா நடுங்கிய அந்தக் கணத்திலேயே மொத்தமாகத் தெரிந்தன.

இரண்டாவது காலுக்குக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. வரவில்லை.

பிற்பாடு இதைப் பற்றித் தனக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். முறைப்படி நடந்தேன். வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். அவரே எழுதிய விதி. ஆனால் அந்த நிமிஷத்தில் மனதில் இருந்தது இது எதுவும் இல்லை. 'இங்க பாருங்களேன்' என்ற குரல் இருந்தது. தான் கேட்டிராத குரல், பதினோரு முறை அவர் வாயால் கேட்ட குரல். அம்மாவுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் முழு உண்மை இல்லை. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பெட்டி அடங்கியதும் தெருமுனை வரை நடந்தாளே, அந்தக் கால்கள்தான் இப்போது வகுப்பில் நின்றன.

"டீச்சர், உங்க அப்பா," என்றது முதல் பெஞ்சு.

அவள் போனை எடுத்தாள். ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். ஏற்பு. பிறகு கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்தாள். இன்னொன்று எழுதினாள். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

பன்னிரண்டு மணி சோதனைக் கால் வரவில்லை. "இன்னிக்கு லீவு போல," என்றது பின் பெஞ்சு. மதிய மணி அடித்த பிறகுதான் அவள் வீட்டுக்கு நடந்தாள். ஓடவில்லை. பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குக் குளியலறைக் கதவைத் தள்ளினாள்.

ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது மணிக்கட்டு திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. விழும்போது ஆணியைப் பிடித்திருக்கிறார், நாடா கையோடு வந்திருக்கிறது. ஒரு முறை அமுக்கியதும் போன் வழுக்கி மூலையில் வாளிக்குப் பின்னால் போய்விட்டது. கைக்கு ஒரு முழம் எட்டவில்லை.

அவளைப் பார்த்து அவர் முதலில் சொன்னது இதுதான்: "ஏற்பு வந்துது."

அந்த ஒரு முழத்துக்கு அப்பால் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றதை அவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எண்பத்தேழு நிமிஷம். தூக்கி உட்காரவைக்கும்போது அவர் உடம்பு மீன்போலக் குளிர்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. எதற்கென்று பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இடுப்பில் விரிசல், மணிக்கட்டில் முறிவு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். பிறகு வாக்கர். கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, துடைப்பது, உடை மாற்றுவது எல்லாவற்றையும் சங்கரி செய்தாள், லீவு போட்டுவிட்டு. அவள் கை எங்கும் கடுமையாகப் படவில்லை. அவரும் ஒருநாளும் அன்றைப் பற்றிக் கேட்கவில்லை. வீடு திரும்பிய வாரம் நோட்டு மேஜை மேல் விரித்தே கிடந்தது. இடது கையால் எழுதியிருந்தார். எழுத்துகள் குழந்தையினுடையவை போலச் சாய்ந்திருந்தன.

'14.3.07. 11.20 ஒரு அழைப்பு. 11.21 ஏற்பு. 12.48 ஆள் வருகை. காரணம்: முறையின் குறை. ஆபரேட்டர் பிழை இல்லை.'

படித்துவிட்டு நிமிர்ந்தாள். கட்டிலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"பரணி கேட்டா அதைத்தான் காட்டுவேன்."

அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பதினொண்ணு இருபதுக்கு நான் டெஸ்ட் பண்ணதே இல்லை," என்றார் கூரையைப் பார்த்து. "அதை எழுதல."

மே இரண்டாவது வாரம் ஆணை வந்தது. செங்கல்பட்டுக்கு அப்பால் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சங்கரி யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிறு போய், செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மாடி அறை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு ஜன்னல். வீட்டுக்காரப் பெண் கேட்டாள், "நீங்க ஒருத்திதானா?" ஆமாம் என்று சொல்லும்போது நாக்கில் ஏதோ இனித்தது.

வீட்டில் செய்தி சொன்னதும் அப்பா, "சந்தோஷம்," என்றார். பரணிக்குப் போன் போடச் சொன்னார்.

மே கடைசி ஞாயிறு பரணியும் அவன் மனைவி அனுவும் வந்தார்கள். அனுவின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பரணி கூடத்தில் பிரித்தான். டெலிபோனோடு இணைக்கும் வெள்ளைப் பெட்டி, கழுத்தில் மாட்ட ஒரு வெள்ளைப் பதக்கம்.

"இதுல அமுக்கவே வேண்டாம் மாமா," என்றாள் அனு. "விழுந்தா அதுக்கே தெரியும். அதுவே நாலு பேருக்கு வரிசையா போன் பண்ணும். எடுக்கறவங்க பூஜ்யம் அமுக்கினாத்தான் நிறுத்தும். அதுவரைக்கும் திரும்பத் திரும்பப் பண்ணும்."

அப்பாவின் முகத்தில் சங்கரி வருஷக்கணக்காகப் பார்த்திராத வெளிச்சம். பதக்கத்தைத் தலையணை மேல் போட்டுப் பார்த்தார். பேசாமல் இருந்தது. நாற்காலி உயரத்திலிருந்து பாயில் போட்டார். பெட்டி வீறிட்டது. "நல்லா பண்ணியிருக்கான். சின்னதுக்குக் கத்தல, பெருசுக்குக் கத்தறது," என்றார். மூன்று முறை போட்டார். மூன்றிலும் கத்தியது.

பாத்திரம் தேய்க்க வந்த லோகநாயகி சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "இன்னாது, தாத்தா விழுந்தா அதுக்கு வலிக்கிதா?"

"நம்பர் போடணும்," என்றான் பரணி, பெட்டியின் பட்டன்களை அழுத்தியபடி. "முதல் நம்பர் அக்காவோடது. ரெண்டு என்னோடது. மூணு..."

"நான் ஒண்ணாம் தேதி போறேனே, பரணி. என் நம்பர் எதுக்கு?"

அவன் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ஆபீஸ் பிரிண்டரில் அடித்த கடிதம். குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பதவி உயர்வு வேண்டாம் என்று, கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"கொஞ்ச வருஷம்தானே அக்கா. மறுபடியும் உன் பேரு வராமயா போகும்?"

"முதல்ல உன் நம்பரைப் போடு."

"நான் சிறுசேரிலேர்ந்து வந்து சேர ஒரு மணி நேரம். நடுவுல மீட்டிங். என்னக்கா நீ?"

"அனு?"

"குழந்தை ரக்ஷாவோட ஸ்கூல் வேன் மூணு மணிக்கு வந்துடும் அக்கா," என்றாள் அனு வேகமாக. "இல்லேன்னா நான் செய்ய மாட்டேனா?"

"என் நம்பர போட்டுக்கோயேன்," என்றாள் லோகநாயகி வாசலிலிருந்து. "பின்னாடி தெருதானே. நான் ஓடியாறேன். போன தபா தாத்தாவத் தூக்குனதே நானு."

"நீ உள்ள போய் வேலையைப் பாரு," என்றார் அப்பா. சங்கரியிடம் திரும்பினார். "இங்கிலீஷ்ல பேசற மிஷின். பூஜ்யம் அமுக்கணும், கேக்கணும், முடிவெடுக்கணும். அவ ஆபரேட்டர் இல்ல."

"நான் மட்டும் ஆபரேட்டராப்பா?"

"அதுக்குப் பயிற்சி ஆனவ நீதான்." இடது கையால் நோட்டைத் தட்டினார். "இருக்கறது மூணு பேர். நானும் பரணியும் சொல்லியாச்சு. மூணுல ரெண்டு. கையெழுத்துப் போடு."

பரணி பேனாவைத் திறந்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அப்பாவின் விரல்கள் நோட்டின் மேலேயே இருந்தன. எந்தப் பக்கம் என்று அவள் பார்க்க வேண்டியதில்லை. இன்று கையெழுத்திட்டால் மார்ச் பதினான்காம் தேதிப் பக்கம் மூடியே இருக்கும், அவர் இருக்கும் வரை. ஒவ்வொரு முறை அவள் வெளியே கால் வைக்கும்போதும் விரல் அங்கே போய்த் தட்டும்.

"பரணி," என்றாள். குரல் வகுப்பில் கணக்குச் சொல்லும் குரலாகவே இருந்தது. "அன்னிக்கு எனக்குத் தெரியும். பதினொண்ணு இருபதுக்கு வந்தது டெஸ்ட் இல்லைன்னு தெரியும். குளிக்கிற நேரம்னு தெரியும். தெரிஞ்சுதான் போகல."

அனு கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னக்கா பேசறே?" என்றான் பரணி. சிரிப்பதற்கு இடம் இருக்கிறதா என்று அவன் வாய் தேடியது. "அப்பா, என்ன சொல்றா இவ?"

சுப்புராமன் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு கருவி எதிர்பார்த்த எண்ணைக் காட்டியதுபோலத் தலையை மட்டும் அசைத்தார்.

"எனக்கும் தெரியும்," என்றார். "போடு பரணி. அவ நம்பரையே போடு. இனிமே வருவா. இனிமே இவளால வராம இருக்க முடியாது."

அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று சங்கரிக்குத் தோன்றியது. எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பெட்டி அடித்தால் இந்த முறை அவள் வலைகளைத் தாண்டி, செருப்பு அறுந்தாலும் ஓடுவாள். நாலு நிமிஷத்துக்குள் வருவாள். சாகும்வரை வந்துகொண்டே இருப்பாள். அதை முன்பே கணக்குப் போட்டுத்தான் அவர் அந்த நோட்டை எழுதினார்.

பரணி அவள் எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். மீதி அவனுக்கு நினைவில்லை. "சொல்லுக்கா," என்றான்.

அவள் பேனாவை மூடினாள். கையெழுத்திடாத தாளின் மேல் வைத்தாள்.

"சொல்லுக்கா. முதல் நம்பர் போடாம இது அடுத்ததுக்குப் போகாது."

"வேண்டாம் பரணி," என்றாள் சங்கரி. "போட்டதையும் அழிச்சிடு."

எழுந்து, காலித் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.